கப்பல் கம்பெனி கவிழ்ந்த கதை

1912-ம் ஆண்டு டிசம்பர் மாதம். கண்ணனூர் ஜெயிலின் பெரிய கதவு திறந்தது. உள்ளே இருந்து ஒருவர் வெளியே வந்தார்.

அவருக்கு வயது 40. ஆனால் பார்ப்பதற்கு முதியவர் போல் இருந்தார். உடம்பு மெலிந்து இருந்தது. கைகள் காய்த்துப் போயிருந்தன.

அவரை வரவேற்கப் பெரிய கூட்டம் இல்லை. மேளம் இல்லை. மாலை இல்லை. நண்பர்கள் சிலரே வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் சுப்பிரமணிய சிவா. அவரும் ஜெயிலில் இருந்து வந்தவர்தான். ஜெயில் அவருக்குக் கொடுத்த பரிசு, தொழுநோய்!

வெளியே வந்தவர் வ. உ. சிதம்பரம் பிள்ளை. கப்பல் ஓட்டிய தமிழர்!

ஜெயிலுக்குள் போகும்போது அவர் ஒரு கப்பல் கம்பெனியை விட்டுச் சென்றார். கடலில் இரண்டு கப்பல்கள் ஓடின. வெளியே வந்தபோது கம்பெனி இல்லை. கப்பல்களும் இல்லை. வக்கீல் சன்னதும் இல்லை. கையில் காசும் இல்லை.

அந்தக் கம்பெனி எப்படிப் பிறந்தது? ஏன் கவிழ்ந்தது?

வக்கீல் வீட்டுப் பிள்ளை

திருநெல்வேலிச் சீமையில் ஓட்டப்பிடாரம் என்று ஓர் ஊர். கரிசல் மண் பூமி. அங்கே 1872-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 5-ந் தேதி சிதம்பரம் பிறந்தார். தந்தை உலகநாத பிள்ளை, வக்கீல். தாய் பரமாயி அம்மாள்.

தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் சிதம்பரம் படித்தார். பிறகு தாலுகா கச்சேரியில் சில காலம் குமாஸ்தாவாக இருந்தார். அந்த வேலையில் மனம் நிற்கவில்லை. திருச்சிக்குப் போய்ச் சட்டம் படித்தார். பரீட்சையில் தேறி ஊர் திரும்பினார். தந்தையைப் போலவே வக்கீல் ஆனார்.

ஏழைகளின் வழக்கு என்றால் பணம் வாங்காமலும் வாதாடுவார். போலீசார் போட்ட வழக்குகளை உடைப்பார். இதனால் ஏழைகளுக்கு அவர் வேண்டியவர் ஆனார். அதிகாரிகளுக்கு வேண்டாதவர் ஆனார்.

1900-ம் ஆண்டில் அவர் தூத்துக்குடிக்குக் குடிபோனார். அங்கேதான் கடல் அவர் கண்ணில் பட்டது. கடலில் ஓடிய கப்பல்களும் கண்ணில் பட்டன.

கொழும்புக்கு ஒரே வழி

அந்தக் காலத்தில் தூத்துக்குடிதான் கொழும்புக்கு வாசல். தனுஷ்கோடி வழியாகப் போகும் போட் மெயில் 1914-ல்தான் வந்தது. அதற்கு முன்பு, சென்னையில் இருந்து இலங்கைக்குப் போகிறவர்கள் ரெயிலில் தூத்துக்குடிக்கு வருவார்கள். அங்கே இருந்து கப்பல் ஏறுவார்கள்.

கப்பல் ஏறுவதும் எளிது அல்ல. தூத்துக்குடிக் கடல் கரையோரத்தில் ஆழம் குறைந்தது. பெரிய கப்பல்கள் பல மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களும் மூட்டைகளும் படகில் போய் ஏற வேண்டும்.

தேயிலைத் தோட்டக் கூலிகள் போனார்கள். வியாபாரிகள் போனார்கள். தாமிரபரணிக் கரையில் விளைந்த அரிசியும், கருவாடும், கைத்தறித் துணியும் போயின. எல்லாம் ஒரே கம்பெனியின் கப்பலில்தான். அதன் பெயர் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. வெள்ளைக்காரர்களின் கம்பெனி.

கல்கத்தா, ரங்கூன், பாரசீக வளைகுடா, கிழக்கு ஆப்பிரிக்கா என்று பல கடல்களில் அந்தக் கம்பெனியின் கப்பல்கள் ஓடின. தூத்துக்குடியில் அது வைத்ததே சட்டம். அது கேட்டதே கூலி.

1905-ம் ஆண்டில் வங்காளத்தை வெள்ளையர் இரண்டாகப் பிரித்தார்கள். நாடே எழுந்தது. அன்னியத் துணியை வாங்காதே, உள்நாட்டுப் பொருளை வாங்கு என்ற சுதேசி இயக்கம் எங்கும் பரவியது. பலர் துணியைக் கொளுத்தினார்கள். சிதம்பரம் பிள்ளை துணியோடு நிற்கவில்லை. வெள்ளையரின் பலம் வியாபாரத்தில் இருக்கிறது, வியாபாரத்தின் பலம் கப்பலில் இருக்கிறது என்று அவர் கணக்குப் போட்டார்.

முதலில் தூத்துக்குடியில் தரும சங்க நெசவுச் சாலையைத் தொடங்கினார். அடுத்து, கப்பலில் கை வைத்தார்!

40 ஆயிரம் பங்குகள்

முதலில் பம்பாயில் இருந்து ஷா லைன் என்ற கம்பெனியின் கப்பல்களை வாடகைக்குப் பிடித்தார்கள். கப்பல் ஓடியது. வெள்ளையர் கம்பெனி விழித்துக்கொண்டது. வாடகைக்கு விட்டவரை மிரட்டியது. வாடகைக் கப்பல் திரும்பிப் போய்விட்டது.

சிதம்பரம் பிள்ளை கொழும்பில் வேறொரு கப்பலை வாடகைக்குப் பிடித்து ஓட்டினார். ஆனால் ஒன்று தெரிந்துவிட்டது. இரவல் கப்பலை நம்ப முடியாது. சொந்தக் கப்பல் வேண்டும்!

1906-ம் ஆண்டு அக்டோபர் மாதம் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவு ஆயிற்று. மூலதனம் 10 லட்சம் ரூபாய் என்று குறித்தார்கள். அதை 40 ஆயிரம் பங்குகளாகப் பிரித்தார்கள். ஒரு பங்கின் விலை 25 ரூபாய்.

பங்கு என்றால் என்ன? ஒருவரால் ஒரு கப்பல் வாங்க முடியாது. ஆயிரம் பேர் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டால் வாங்கலாம். லாபம் வந்தால் போட்ட பணத்துக்கு ஏற்பப் பிரித்துக்கொள்ளலாம். நஷ்டம் வந்தால் போட்ட பணம் போகும். அதுதான் பங்கு.

வெள்ளைக்காரர்களுக்குப் பங்கு கிடையாது. ஆசியாக் கண்டத்துக்காரர்களுக்கு மட்டுமே!

மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் கம்பெனியின் தலைவர் ஆனார். ஹாஜி முகமது பக்கீர் சேட் செயலாளர். இவர் ஒருவரே 8 ஆயிரம் பங்குகளை வாங்கினார். அதாவது 2 லட்சம் ரூபாய்! சிதம்பரம் பிள்ளை உதவிச் செயலாளர். சேலம் விஜயராகவாச்சாரியார் சட்ட ஆலோசகர். இந்து, முஸ்லிம், ஜமீன்தார், வியாபாரி, வக்கீல் எல்லோரும் ஒரே கப்பலில்!

பெயரில் உதவிச் செயலாளர். வேலையில் எல்லாமே அவர்தான்.

கெட்ட நேரம்

பணம் திரட்டுவதற்கு அது நல்ல நேரம் அல்ல. அதே அக்டோபர் மாதத்தில் சென்னையில் ஓர் இடி விழுந்தது. ஆர்பத்நாட் என்ற பெரிய வெள்ளைக்காரக் கம்பெனி திவால் ஆயிற்று. மக்கள் நம்பிப் பணம் போட்டு வைத்திருந்த கம்பெனி அது. விதவைகளின் பணம், ஓய்வு பெற்றவர்களின் பணம், பெண்ணின் கல்யாணத்துக்கு வைத்த பணம் எல்லாம் போயிற்று.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா? கம்பெனி என்ற சொல்லைக் கேட்டாலே ஜனங்கள் நடுங்கிய நேரம் அது. ஆனால் அந்த இடியில் இருந்து இன்னொரு பாடமும் பிறந்தது. நம் பணத்தை நாமே காப்போம் என்று சென்னையில் 1907-ல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள்.

சிதம்பரம் பிள்ளை ஊர் ஊராகப் போனார். கடை கடையாக ஏறினார். பாரதியார் தம் பத்திரிகையில் கம்பெனிக்கு ஆதரவாக எழுதினார். ஓட்டப்பிடாரத்துக்கும் எட்டயபுரத்துக்கும் பழைய தொடர்பு. சிதம்பரம் பிள்ளையின் தந்தையும் பாரதியாரின் தந்தையும் நண்பர்கள்.

கப்பல் வாங்க சிதம்பரம் பிள்ளை பம்பாய்க்குப் புறப்பட்டார். அப்போது வீட்டில் மகனுக்கு உடம்பு சரியில்லை. மனைவி மீனாட்சி அம்மாள் கர்ப்பமாக இருந்தார். போக வேண்டாம் என்று உறவினர்கள் தடுத்தார்கள். அவர் கேட்கவில்லை. கப்பலோடு திரும்புவேன், இல்லாவிட்டால் கடலில் விழுந்து உயிரை விடுவேன் என்று சபதம் செய்துவிட்டுப் போனார்.

கப்பல் வந்தது!

1907-ம் ஆண்டு மே மாதம் தூத்துக்குடி கடற்கரையில் ஜனங்கள் திரண்டார்கள். காலியா என்ற கப்பல் வந்தது. அதை அடுத்து லாவோ என்ற கப்பலும் வந்தது. ஒவ்வொன்றிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பயணிகள் போகலாம். 4 ஆயிரம் மூட்டை சரக்கும் ஏற்றலாம்.

ஜனங்களுக்குத் தலைகால் புரியவில்லை. நம்முடைய கப்பல்! மீன் பிடிக்கிறவர்களும், மூட்டை தூக்குகிறவர்களும், தேர்த் திருவிழா பார்ப்பது போல் பார்த்தார்கள். வியாபாரிகள் சரக்கை எல்லாம் சுதேசிக் கப்பலுக்குக் கொண்டுவந்தார்கள். கொழும்புக்குப் போகிறவர்கள் சுதேசிக் கப்பலில் ஏறினார்கள்.

வெள்ளையர் கப்பலில் கூட்டம் குறைந்தது. அப்போதுதான் சண்டை தொடங்கியது. பீரங்கிச் சண்டை அல்ல. கட்டணச் சண்டை!

ஒரு ரூபாய், எட்டணா, இலவசம்

வெள்ளையர் கம்பெனி கொழும்புக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாகக் குறைத்தது. எட்டணா என்றால் அரை ரூபாய்.

வெள்ளையர் கம்பெனி இன்னும் கீழே இறங்கியது. கட்டணமே வேண்டாம், சும்மா வந்து ஏறுங்கள் என்றது. ஏறினால் ஒரு குடையும் இலவசம் என்றது!

அப்படியும் பலர் அந்தக் கப்பலில் ஏறவில்லை. இலவசக் குடையை விட்டுவிட்டு, எட்டணா கொடுத்துச் சுதேசிக் கப்பலில் போனார்கள். கூலிக்காரர்களும் அவர்களில் இருந்தார்கள். அவர்களுக்கு எட்டணா பெரிய காசு.

ஆனால் நாட்டுப் பற்று வேறு. கணக்கு வேறு.

கப்பலில் ஆயிரம் பேர் ஏறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு ரூபாய் என்றால், ஆயிரம் ரூபாய் வரும். எட்டணா என்றால், 500 ரூபாய்தான் வரும். ஆனால் கப்பல் தின்னும் நிலக்கரி குறையுமா? குறையாது. கப்பல் நிறைந்து போனாலும், காலியாகப் போனாலும் கரி எரியும். கப்டனுக்குச் சம்பளம், என்ஜினீயருக்குச் சம்பளம், மாலுமிகளுக்குச் சம்பளம், துறைமுகக் கட்டணம், பழுது பார்க்கும் செலவு. எதுவும் குறையாது.

அப்படியானால் வெள்ளையர் கம்பெனிக்கு நஷ்டம் இல்லையா? உண்டு. ஆனால் அதற்குப் பல கடல்களில் கப்பல்கள் ஓடின. தூத்துக்குடியில் விட்ட பணத்தை ரங்கூனில் பிடிக்கலாம். கல்கத்தாவில் பிடிக்கலாம்.

சுதேசிக் கம்பெனிக்கு ஒரே வழித்தடம். தூத்துக்குடி, கொழும்பு. அங்கே விட்ட பணத்தை எங்கே பிடிப்பது?

தெருவில் ஒரு பெரிய மளிகைக் கடை இருக்கிறது. எதிரே ஒருவர் சிறு உப்புக் கடை வைக்கிறார். பெரிய கடைக்காரர் உப்பைச் சும்மா கொடுக்கிறார். பருப்பிலும் எண்ணெயிலும் அவருக்கு லாபம் வருகிறது. உப்பை மட்டும் விற்கிறவர் எத்தனை நாள் தாங்குவார்? தூத்துக்குடியில் நடந்தது இதுதான்.

பெரிய கம்பெனிக்கு இது ஒரு மூலையில் நடந்த சண்டை. சின்னக் கம்பெனிக்கு உயிர்ப் போராட்டம்.

மில்லில் நின்ற யந்திரங்கள்

கம்பெனியை நடத்துகிறவர் வியாபாரத்தை மட்டும் பார்த்தால் போதுமா? அல்லது அரசியலிலும் இறங்கலாமா? பங்கு வாங்கிய வியாபாரிகளில் சிலருக்குப் பயம் பிடித்தது. சர்க்காரைப் பகைத்துக்கொண்டு வியாபாரம் செய்ய முடியுமா என்று நினைத்தார்கள்.

சிதம்பரம் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான். 1907 டிசம்பரில் சூரத்தில் நடந்த காங்கிரசுக்குப் போனார். திலகரின் பக்கம் நின்றார். ஊருக்கு வந்து, சிவாவோடு சேர்ந்து கடற்கரைக் கூட்டங்களில் பேசினார்.

தூத்துக்குடியில் கோரல் மில் இருந்தது. அதை நடத்தியவர்கள் ஹார்வி கம்பெனியார். பாபநாசத்தில் தாமிரபரணித் தண்ணீரின் விசையால் யந்திரம் ஓட்டிப் பஞ்சாலை நடத்தியவர்களும் அவர்கள்தான். கோரல் மில்லில் தொழிலாளர்களுக்குக் கூலி குறைவு. வேலை நேரம் அதிகம். ஞாயிற்றுக்கிழமைகூட விடுமுறை இல்லை.

1908-ம் ஆண்டு பிப்ரவரி 27-ந் தேதி ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சிதம்பரம் பிள்ளை முன்னே நின்றார். அவர்களுக்குச் சோறு போட ஊரில் பணம் திரட்டினார்.

மார்ச் முதல் வாரத்தில் மில் முதலாளிகள் இறங்கி வந்தார்கள். கூலி உயர்ந்தது. வேலை நேரம் குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைத்தது.

தொழிலாளர்கள் ஜெயித்தார்கள். ஆனால் சர்க்கார் பல்லைக் கடித்தது.

தாமிரபரணிக் கரையில்

வங்காளத் தலைவர் விபின் சந்திர பாலர் மார்ச் 9-ந் தேதி ஜெயிலில் இருந்து விடுதலை ஆனார். அதைக் கொண்டாடக் கூடாது என்று அதிகாரிகள் எச்சரித்தார்கள். சிதம்பரம் பிள்ளை கேட்கவில்லை. திருநெல்வேலியில், தாமிரபரணிக் கரையில் உள்ள தைப்பூச மண்டபத்தில் கூட்டம் நடந்தது. அவரும் சிவாவும் பேசினார்கள்.

மூன்று நாட்கள் கழிந்தன. மார்ச் 12-ந் தேதி கலெக்டர் விஞ்ச் கூப்பிட்டு அனுப்பினார். போன இடத்தில் சிதம்பரம் பிள்ளை, சிவா, பத்மநாப ஐயங்கார் மூவரையும் கைது செய்தார்கள்.

மறுநாள் திருநெல்வேலி கொதித்தது. கடைகள் அடைபட்டன. நகரசபை அலுவலகம், தபால் நிலையம், போலீஸ் நிலையம் எல்லாம் எரிந்தன. போலீசார் சுட்டார்கள். நான்கு பேர் மாண்டார்கள்.

தூத்துக்குடியில் மில் தொழிலாளர்கள் மறுபடி வேலையை நிறுத்தினார்கள். இந்தத் தடவை கூலிக்காக அல்ல. தங்களுக்காகப் பேசியவருக்காக!

40 ஆண்டுகள்!

திருநெல்வேலியில் வழக்கு நடந்தது. நீதிபதி பின்ஹே. ஜூலை 7-ந் தேதி தீர்ப்புச் சொன்னார்.

ராஜத் துரோகமாகப் பேசியதற்கு 20 ஆண்டு. சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு 20 ஆண்டு. ஆக 40 ஆண்டு நாடு கடத்தல்! சிவாவுக்கு 10 ஆண்டு.

அப்போது சிதம்பரம் பிள்ளைக்கு வயது 35. தண்டனை முடியும்போது 75 ஆகும்! இந்தச் செய்தியைக் கேட்டு அவருடைய தம்பிக்குச் சித்தம் கலங்கிவிட்டது. அது கடைசிவரை தெளியவில்லை.

மேல் கோர்ட்டில் தண்டனை ஆறு ஆண்டாகக் குறைந்தது. ஆனால் வக்கீல் சன்னது போயிற்று.

கோயம்புத்தூர் ஜெயிலில் அவர் கையில் சணல் யந்திரத்தின் பிடியைக் கொடுத்தார்கள். உள்ளங்கைத் தோல் உரிந்தது. ரத்தம் கொட்டியது. பிறகு செக்கில் பூட்டினார்கள். மாடு இழுக்க வேண்டிய செக்கை அவர் இழுத்தார். பகல் வெயிலில் சுற்றிச் சுற்றி இழுத்தார்.

கடலில் கப்பலை ஓட்டியவர், ஜெயிலில் செக்கை ஓட்டினார்!

தலை இல்லாத கம்பெனி

தூத்துக்குடியில் கம்பெனி என்ன ஆயிற்று?

கப்பல்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் பணம் கேட்டு ஊர் ஊராகப் போக ஆள் இல்லை. வியாபாரிகளுக்குத் தைரியம் சொல்ல ஆள் இல்லை. சுதேசிக் கம்பெனியில் சரக்கு ஏற்றினால் அதிகாரிகளின் பகை வருமோ என்று பலர் பயந்தார்கள். புதிய பங்கு வாங்க யார் வருவார்கள்? ஏற்கெனவே வாங்கியவர்களும் போட்ட பணத்தை நினைத்துக் கவலைப்பட்டார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. எல்லோரும் ஜமீன்தார்கள் அல்ல. 25 ரூபாய் என்பது அன்று பெரிய தொகை. சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணமும் அதில் இருந்தது.

கட்டணச் சண்டையில் வற்றிய கஜானா நிரம்பவே இல்லை. 1911-ம் ஆண்டில் கம்பெனியைக் கலைத்தார்கள். கப்பல்கள் விலைக்குப் போயின. ஐந்து ஆண்டுகளில் எல்லாம் முடிந்தது.

கப்பல் புயலில் சிக்கவில்லை. பாறையில் மோதவில்லை. கணக்குப் புத்தகத்தில் மூழ்கியது!

அதே ஆண்டு ஜூன் 17-ந் தேதி மணியாச்சி ரெயில் நிலையத்தில் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் வாஞ்சிநாதன். 1908-ல் தூத்துக்குடியில் சப்-கலெக்டராக இருந்தவர் ஆஷ். சுதேசி இயக்கத்தையும் சுதேசிக் கப்பலையும் நசுக்கியவர் என்று அவர் மீது ஜனங்களுக்குக் கோபம் இருந்தது.

தோல்விக்கு யார் காரணம்?

கம்பெனி கவிழ்ந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. பணபலம் மிகுந்த போட்டியாளர். ஒரே ஒரு வழித்தடம். போதாத மூலதனம். எல்லாவற்றையும் ஒரே ஆள் தாங்கியது. அந்த ஆளைச் சர்க்கார் ஜெயிலில் அடைத்தது.

அரசியலில் இறங்காமல் இருந்தால் கம்பெனி பிழைத்திருக்குமா? இந்தக் கேள்வியை அன்றும் கேட்டார்கள்.

ஆனால் அரசியல் இல்லாவிட்டால் அந்தக் கம்பெனி பிறந்தே இருக்காது. லாபத்தை எண்ணியா பலர் அதில் பங்கு வாங்கினார்கள்? லாபத்தை எண்ணியா கூலிக்காரர் இலவசக் குடையை வேண்டாம் என்றார்? எந்த உணர்ச்சி கம்பெனியைப் பெற்றதோ, அதே உணர்ச்சிதான் சர்க்காரின் பகையையும் கொண்டுவந்தது.

ஆனாலும் ஒரு பழி மட்டும் அதன் மீது விழவில்லை. ஆர்பத்நாட் கம்பெனி நம்பியவர்களை மோசம் செய்து விழுந்தது. அதன் முதலாளி மோசடிக் குற்றத்துக்காக ஜெயிலுக்குப் போனார். சுதேசிக் கம்பெனியை நடத்தியவரும் ஜெயிலுக்குத்தான் போனார். ஆனால் பணத்தைத் தின்றதற்காக அல்ல. நாட்டுக்காகப் பேசியதற்காக!

347 ரூபாய் 12 அணா

விடுதலை ஆன சிதம்பரம் பிள்ளை சென்னையில் குடியேறினார். வக்கீல் வேலை செய்ய முடியாது. சிறு வியாபாரங்கள் செய்து பார்த்தார். அரிசி விற்றார். ஒன்றும் கைகொடுக்கவில்லை.

கடலில் கப்பல் விட்டவர் வீட்டில் அடுப்பு எரிவதே கஷ்டம் ஆயிற்று.

தென் ஆப்பிரிக்காவில் இருந்த இந்தியர்கள் அவருக்காகப் பணம் திரட்டினார்கள். அது காந்தியடிகள் மூலம் வர வேண்டி இருந்தது. 1915-ல் காந்தி சென்னைக்கு வந்தார். சிதம்பரம் பிள்ளை அவரைச் சந்தித்தார். பணம் பற்றி இருவருக்கும் இடையே கடிதங்கள் போயின, வந்தன. நாட்கள் ஓடின. 1916-ல் பணம் வந்தது. 347 ரூபாய் 12 அணா!

10 லட்சம் ரூபாய்க்குக் கம்பெனி தொடங்கியவர், இந்த 347 ரூபாய்க்காக மாதக்கணக்கில் காத்திருந்தார். அவ்வளவு வறுமை!

அந்த வறுமையிலும் அவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை. மெய்யறம், மெய்யறிவு என்ற நூல்களை வெளியிட்டார். தம் வாழ்க்கையைச் செய்யுளாக எழுதினார். திருக்குறளுக்கு உரை எழுதினார். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய பழைய உரையைப் பதிப்பித்தார். தொழிலாளர் சங்கங்களுக்கும் உழைத்தார்.

நன்றி மறவாதவர்

வாலஸ் என்று ஓர் ஆங்கிலேய நீதிபதி இருந்தார். அவருடைய முயற்சியால் சிதம்பரம் பிள்ளைக்கு வக்கீல் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றியைச் சிதம்பரம் பிள்ளை மறக்கவில்லை. தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். வெள்ளையர் ஆட்சியை எதிர்த்தவர், நல்ல வெள்ளையரை மறக்கவில்லை!

கோவில்பட்டியில் வக்கீல் தொழில் செய்தார். 1932-ல் மறுபடி தூத்துக்குடிக்கு வந்தார். அதே கடற்கரை. அதே கொழும்புப் பாதை. ஆனால் காலியாவும் லாவோவும் இல்லை.

1936-ம் ஆண்டு நவம்பர் மாதம் 18-ந் தேதி தூத்துக்குடியில் அவர் உயிர் பிரிந்தது. வயது 64. நாடு விடுதலை அடைய இன்னும் 11 ஆண்டுகள் இருந்தன.

சாவதற்கு முன்பு அவர் உயில் எழுதினார். சொத்து மிகுந்தவர்கள்தான் உயில் எழுதுவது வழக்கம். இவர் உயிலில் கடனும் இருந்தது. கடைகளுக்குக் கொடுக்க வேண்டிய சில்லறைக் கடன்களையும் மறக்காமல் குறித்து வைத்தார். பிறர் காசு ஒன்றுகூடத் தம்மிடம் நிற்கக் கூடாது என்று நினைத்தவர் அவர்.

மறுபடி ஓடிய கப்பல்

நாடு விடுதலை அடைந்தது. 1949-ம் ஆண்டில் தூத்துக்குடியில் இருந்து கொழும்புக்கு ஒரு கப்பல் விட்டார்கள். அதன் பெயர் சிதம்பரம்! கவர்னர் ஜெனரல் ராஜாஜி அதைத் தொடங்கி வைத்தார்.

1961-ல் கப்பலோட்டிய தமிழன் என்ற திரைப்படம் வந்தது. 1972-ல், அவருடைய நூற்றாண்டில், தபால் தலை வந்தது. அவர் இழுத்த செக்கு சென்னை காந்தி மண்டபத்துக்கு வந்தது. 2011-ல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கே வ. உ. சிதம்பரனார் துறைமுகம் என்று பெயர் சூட்டினார்கள்.

அதே 2011-ல் தூத்துக்குடியில் இருந்து கொழும்புக்குப் பயணிகள் கப்பல் மறுபடி தொடங்கியது. சர்க்காரின் எதிர்ப்பு இல்லை. போட்டிக் கப்பலும் இல்லை. அப்படியும் சில மாதங்களில் அது நின்றுவிட்டது. அந்தப் பாதையில் கப்பல் ஓட்டுவது எவ்வளவு கஷ்டமான வியாபாரம் என்பது அப்போது தெரிந்தது. நூறு ஆண்டுகளுக்கு முன்பு, எட்டணாக் கட்டணத்தில், எதிரே இலவசக் கப்பல் ஓட, ஓட்டப்பிடாரத்து வக்கீல் அதை ஓட்டிக் காட்டினார்!

சுதேசிக் கம்பெனியின் பங்குப் பத்திரத்துக்கு இன்று விலை இல்லை. அதை வாங்கியவர்களுக்குப் போட்ட பணம் போனது உண்மை. கம்பெனி தோற்றதும் உண்மை.

ஆனால் தூத்துக்குடிக்கு இன்று எந்த நாட்டுக் கப்பல் வந்தாலும், அது வந்து சேரும் துறைமுகத்தின் பெயர் வ. உ. சிதம்பரனார்!